கொழுந்துப் பச்சையும் பனிமூட்டமும்: மலையக இணையப் பக்கங்களின் நீண்டநாள் பாவனை

ஹட்டன், நுவரெலியா, எல்ல பக்கத்து விடுதிகளுக்கும் தேயிலைக் கடைகளுக்கும் இணையப் பக்கம் செய்தால், உரிமையாளர் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: கொழுந்துப் பச்சை, பனிமூட்டப் படம். நாள்பட்ட பாவனையில் எழுத்தை விழுங்குபவையும் அவைதான்.

ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல அளவுகள்) 76, 175, 80 என்ற பச்சை மடிக்கணினியில் கண்ணுக்குக் குளிர்ச்சி. அதன்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் நிற வேறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு, வெறும் 2.78. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு ‘அறை பதிவு’ பொத்தான் பச்சைப் பட்டையாகத்தான் தெரியும். முற்றிய இலை நிறத்துக்கு, 46, 125, 50க்கு, இறங்கினால் 5.13 வரும். இளம்பச்சையை அலங்காரக் கோடுகளுக்கு வைத்துக்கொள்ளலாம். குரோம் உலாவியின் உருவாக்குநர் கருவியில் உள்ள நிறத்தெரிவுப் பெட்டியே இந்த விகிதத்தைக் காட்டும். கண்மதிப்பை நம்ப வேண்டாம்.

பனிமூட்டம் இதைவிட மோசம். ஒன்பது வளைவுப் பாலத்தின் அகலப் படத்தில், இடப்பக்கத்து இருண்ட மலைமேல் தலைப்பு கணினியில் அழகாக நிற்கும். 360 பிக்சல் அகலப் போனில் படத்தின் இரு ஓரமும் வெட்டுப்பட, மலை போய்விடும். எழுத்துக்கு அடியில் மூட்டம் மட்டும் மிஞ்சும். படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 50 வீத அடர்த்தியில் கறுப்புத் திரை போட்டாலும் தூய வெள்ளைமேல் விகிதம் 4.5ஐத் தொடாது. பெரிய தலைப்புக்கு 3 போதும் என்பதால் அது தப்பிக்கும், விலையும் தொலைபேசி எண்ணும் தப்பாது. 60 வீதம் போட்டால் 5.7 கிடைக்கும். போனுக்கென நெட்டையாக வெட்டிய தனிப்படம் அதைவிட நல்லது.

அளவுக்கு வந்தால், வியூபோர்ட் வரி (பக்கத்தைத் திரையின் அகலத்துக்குப் பொருத்தச் சொல்லும் நிரல் வரி) விடுபட்ட பக்கத்தைப் போன் 980 பிக்சல் அகலமாக எண்ணிச் சுருக்கிவிடும். அந்த வரியைச் சேர்த்து, 360 பிக்சல் அகலத்தில் தொடங்கி, 320இலும் பாருங்கள். போன் மாடல் பார்த்து, அடுக்கு மாற வேண்டிய அகலங்களைப் பிரிப்பது வீண்வேலை. சாளரத்தை மெல்ல அகலப்படுத்தி, அடுக்கு குலையும் இடத்தில் பிரித்தால் போதும்.

மும்மொழிப் பக்கத்தைத் தமிழில்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆங்கிலத்தில் நாலெழுத்தாக இருக்கும் பொத்தான் இங்கே ‘முன்பதிவு செய்யுங்கள்’. பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்தால் எழுத்து வெளியே வழியும். எழுத்தைச் சுற்றி உள்விளிம்பு இடைவெளி மட்டும் கொடுங்கள். வரி உயரம் எழுத்தளவின் 1.3 மடங்கு என்றால் மேல்வரியின் ‘மூ’ கீழ்வரியின் ‘கீ’யோடு நெருக்கியடிக்கும், 1.7 வசதி. படிவப் பெட்டிகளில் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைந்தால், தொட்டவுடன் ஐபோன் பக்கத்தையே பெரிதாக்கிவிடும். அனுப்பும் பொத்தான் திரைக்கு வெளியே போய்விடும்.