ஏ-ரெட்: எடையே இல்லாத இடத்தில் எடைப் பயிற்சி

சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு டம்பெல் கொண்டுபோய்ப் பயனில்லை. அங்கே அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு விரல் போதும். உடம்பைத் தாங்கும் வேலை போனதும் தொடை, கெண்டைக்கால், முதுகுத் தசைகள் இளைக்கின்றன. பயிற்சி போதாவிட்டால் இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறையும். கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குவதால் சிறுநீரகக் கல் பயமும் உண்டு. இதைச் சமாளிக்க நாசா 2008 நவம்பரில் எண்டவர் விண்கலத்தில் அனுப்பிய உடற்பயிற்சி மெஷின்தான் ஏ-ரெட் (ARED).

இதில் சுமையைத் தருவது வெற்றிடம். இரண்டு சிலிண்டர்களில் காற்றை வெளியேற்றி வைத்திருக்கிறார்கள். பாரைத் தூக்கினால் பிஸ்டன் இழுபடும். கேபின் காற்றழுத்தம் அதை எதிர்த்துத் தள்ளும். முன்பிருந்த ஐ-ரெட் மெஷினில் ரப்பர் போல இழுபடும் வட்டுகள். இழுக்க இழுக்க இறுகும், சுமார் 300 பவுண்டோடு சரி. ஏ-ரெட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை ஏறக்குறைய ஒரே சுமை, 600 பவுண்டு வரை, அதாவது 272 கிலோ. கூடவே ஃப்ளைவீல்கள் (சுழலும் கனச் சக்கரங்கள்) இருப்பதால் பாரை நகர்த்தத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் நிஜ இரும்பின் கனம் கைக்குத் தெரியும். அருமையான வடிவமைப்பு.

கவனமாக இருக்க வேண்டியது சுமைக் கணக்கில். தரையில் 60 கிலோ பாரோடு ஸ்குவாட் (சுமையோடு உட்கார்ந்து எழுவது) செய்யும்போது கால்கள் உடல் எடையையும் சேர்த்தே தூக்குகின்றன. மேலே அது இல்லை. அதனால் உடல் எடையின் பெரும்பகுதியையும் பாரில் கூட்டி வைக்க வேண்டும். அப்படிக் கூட்டியது முழுக்க தோளிலும் முதுகுத்தண்டிலும் இறங்கும் என்பதால் படிப்படியாக ஏற்றுவதே நல்லது.

வியர்வை சொட்டாது, தோலிலேயே குமிழாக ஒட்டி நிற்கும். துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்குவாட்டின் அதிர்வும் ஆய்வுக் கருவிகளையும் சூரியத் தகடுகளையும் ஆட்டாதபடி மெஷின் அதிர்வுதாங்கிகளின் மேல் நிற்கிறது. பராமரிப்பு கொஞ்சம் அதிகம்: சிலிண்டருக்குள் மெல்லக் காற்று புகுந்தால் சுமை பிசகும், திரும்ப உறிஞ்சி எடுக்க வேண்டும். கேபிளும் தேயும்.

பலன்? 2012-இல் வெளியான ஆய்வில், ஏ-ரெட் பயன்படுத்தி, போதிய சாப்பாடும் வைட்டமின் டி-யும் எடுத்துக்கொண்டவர்களின் எலும்பு அடர்த்தி பெரும்பாலான இடங்களில் குறையவில்லை. ஐந்தே பேர் என்பதையும் சொல்லியாக வேண்டும். எலும்புச் சிதைவு நிற்கவில்லை. புது எலும்பு உருவாவதும் கூடியதால் கணக்கு நேரானது. அடர்த்தி அப்படியே இருந்தால் உறுதியும் அப்படியே இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. 2022-இல் வந்த இன்னொரு ஆய்வில், 17 பேரில் பலருக்குத் தரைக்குத் திரும்பி ஓராண்டு கழிந்தும் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பழைய நிலைக்கு வரவில்லை. விண்வெளியில் டெட்லிஃப்ட்டை (குனிந்து பாரைப் பிடித்து நிமிர்வது) கூட்டிச் செய்தவர்கள் நன்றாகத் தேறினார்கள்.

தலைப்பக்கம் ஏறும் ரத்தத்துக்கும் கண் நரம்பு வீக்கத்துக்கும் இதில் தீர்வு இல்லை. இதயத்துக்கு டிரெட்மில்லும் சைக்கிளும் தனியே வேண்டும். எல்லாம் சேர்த்து, மாட்டிக் கழற்றும் நேரம் உட்பட, தினம் இரண்டரை மணி நேரம் போகும். நேரம் நெருக்கினால் கைப் பயிற்சிகளைக் குறைக்கலாம்; ஸ்குவாட், டெட்லிஃப்ட், குதிகால் உயர்த்தல் மூன்றையும் குறைக்கக் கூடாது.