ஜப்பானிய மொழி படிக்க எந்த விளையாட்டு?

விளையாடியே ஜப்பானிய மொழி கற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த விளையாட்டில் ஜெயிக்க மொழி தேவைப்படுகிறதா? மொழி தெரியாமலே ஜெயிக்க முடிந்தால் கை பழகும், வாய் பழகாது. நான் ஆடிப் பார்த்த நான்கு வழிகளை இந்தக் கேள்வியை வைத்தே எடை போடுகிறேன். சென்னையில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வான ஜேஎல்பிடி எழுதி, அடிநிலையான என்5, அதற்கடுத்த என்4 இரண்டையும் தாண்டி, இப்போது என்3க்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மொழி கற்பிக்கும் செயலியான டுயோலிங்கோ. பெரும்பாலானவர்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். ஹிரகானா 46 எழுத்து, கத்தகானா 46 எழுத்து; இரண்டையும் சேர்த்துக் கானா என்பார்கள். இவற்றைப் பழக இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. ஒலியைக் கேட்டு, விரலால் எழுதிப் பார்த்து, நாளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினால் சில வாரங்களில் இரண்டும் கைக்கு வந்துவிடும். அதற்குமேல் போகும்போதுதான் சிக்கல். அதில் வெண்கலம் தொடங்கி வைரம் வரை பத்து லீக்குகள். வாரக் கடைசியில் மேலே ஏறப் புள்ளிகள் வேண்டும். புதுப் பாடத்தோடு முட்டி மோதினாலும் புள்ளி கிடைக்கும், தெரிந்த பழைய பாடத்தைத் திரும்ப ஓட்டினாலும் கிடைக்கும். ஆக, பந்தயம் ஒரு பக்கம் ஓடுகிறது, மொழி இன்னொரு பக்கம் நிற்கிறது.

ஆங்கிலம் வழியாக இதைப் படிக்கும் தமிழர்களுக்கு இன்னொரு வீண் சுற்றும் உண்டு. 'வாத்தாஷி வா கோஹான் ஓ தாபேமாசு' என்பதைத் தமிழில் அப்படியே அடுக்கலாம்: நான், சோற்றை, சாப்பிடுகிறேன். 'ஓ' நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ'யின் வேலையைச் செய்கிறது. 'இக்கிமாசு' என்றால் போகிறேன். 'இக்கிமாசு கா' என்றால் போகிறீர்களா. நாம் கடைசியில் 'ஆ' சேர்ப்போம், அவர்கள் 'கா' சேர்க்கிறார்கள். இதை ஆங்கிலச் சொல் கட்டைகளாக அடுக்கச் சொன்னால், இயல்பாக வரும் வரிசையை நாமே கலைத்துப் போட வேண்டியிருக்கிறது. திரையில் ஆங்கிலம் வந்தாலும், முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அப்புறம் கட்டையைத் தொடுங்கள். 'கோரே, சோரே, ஆரே, தோரே' என்ற நான்கும் நம் இது, உது, அது, எதுதான். 'உது' இன்னும் பேச்சில் இருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரு மொழிக்கும் உறவு உண்டு என்று ஜப்பானிய மொழியியலாளர் சுசுமு ஓனோ வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், இந்த அமைப்பு ஒற்றுமை படிக்கிறவனுக்குப் பெரிய உதவி.

இனி உண்மையான போட்டிக்கு வருகிறேன். கதை விளையாட்டுகளில் எது: போக்கிமானா, கியாக்குத்தேன் சாய்பானா?

போக்கிமான் 1996இல் ஜப்பானில் வெளிவந்தபோது முழுக்கக் கானா எழுத்திலேயே இருந்தது, சிறுவர்கள் படிக்க வேண்டும் என்பதால். 2010இல் வந்த பிளாக், ஒயிட் முதல் கானா மட்டுமா, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளும் வேண்டுமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். 2013இன் எக்ஸ், ஒய் முதல் ஆட்டத் தொடக்கத்திலேயே மொழியும் கேட்கும். ஜப்பானியத்தைச் சாதாரணமாக இடைவெளி விடாமல் எழுதுவார்கள். கானா முறையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்கும். சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் தவிக்கிற தொடக்கநிலைக்காரருக்கு இது பெரிய வரம். வாக்கியங்கள் குட்டைகுட்டையாக வரும். பொத்தானை அழுத்தும்வரை எழுத்து நகராது. சண்டைத் திரையில் 'தத்தகாவ்' என்றால் சண்டையிடு, 'நிகெரு' என்றால் தப்பி ஓடு. தவறாக அழுத்தினால் விளைவு உடனே தெரியும். தாக்குதல் நன்றாகப் பலித்தால் 'கோக்கா வா பட்சுகுன் தா' என்று வரும். 'கோக்கா' என்றால் பலன், 'பட்சுகுன்' என்றால் ஒப்பற்றது. நூறு சண்டையில் நூறு முறை பார்த்த சொல்லை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரட்டைக்கிளவியும் கொட்டிக் கிடக்கிறது: கிராகிரா என்றால் மினுமினு, கோரோகோரோ என்றால் கடகட. தமிழ் காதுக்கு இவை அந்நியமாகவே இல்லை.

குறைகளும் உண்டு. கானாவில் 'ஹாஷி' என்று எழுதினால் பாலமா, சாப்பிடும் குச்சியா என்று சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தமிழர்களுக்கு அதைவிட முக்கியமான குறை, இந்தத் தொடரின் முதன்மை விளையாட்டுகளில் பாத்திரங்கள் குரலில் பேசுவதில்லை. 1999இல் வந்த இரட்டைப் பதிப்புகளின் பெயர் பொன், வெள்ளி. ஜப்பானியத்தில் அவற்றைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டுமே 'கின்'தான். பொன்னுக்குக் 'கடல்' என்பதில் வரும் க, வெள்ளிக்குத் 'தங்கம்' என்பதில் வரும் க. கானாவில் இரண்டு சிறு கோடுகள் அந்த வேறுபாட்டைக் காட்டிவிடும்; வாய் அதைக் காட்டப் பழக, காதில் விழ வேண்டும். மௌனமாகப் படித்தே வளர்ந்தால் நாம் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிப் பழகிவிடுவோம்.

கியாக்குத்தேன் சாய்பான் வேறு சாதி. 2001இல் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவியில் வந்த வழக்கறிஞர் விளையாட்டு. ஆங்கிலத்தில் ஏஸ் அட்டர்னி. முதல் மூன்று பாகங்களும் சேர்ந்து 2019இல் வந்த தொகுப்பில் ஜப்பானியம், ஆங்கிலம் இரண்டுக்கும் மாறலாம். சாட்சி வாக்குமூலத்தை வரி வரியாகச் சொல்வார். எந்த வரி பொய் என்று கண்டுபிடித்து, அதற்கு எதிரான சான்றை எடுத்து நீட்ட வேண்டும். வரி புரியாவிட்டால் வழக்கு நகராது. என் கேள்விக்கு இவ்வளவு நேராகப் பதில் சொல்லும் விளையாட்டு வேறொன்றை நான் பார்க்கவில்லை. வாக்குமூலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் படிக்கலாம். 'முஜுன்', அதாவது முரண்பாடு, என்ற சொல்லை நான் இதில்தான் கற்றேன். அதன் இரண்டு கான்ஜிகளும் ஈட்டியும் கேடயமும். எதையும் துளைக்கும் ஈட்டியையும் எதுவும் துளைக்க முடியாத கேடயத்தையும் ஒரே வியாபாரி விற்ற பழைய சீனக் கதை அது. அந்த ஈட்டியால் அந்தக் கேடயத்தையே குத்தினால் என்ன ஆகும் என்று கேட்டபோது அவனால் வாய் திறக்க முடியவில்லை.

ஆனால் தொடக்கத்தில் இதன் பக்கம் போகாதீர்கள். கான்ஜி நிறைய, மேலே வாசிப்புக் குறிப்பு கிடையாது. ஒரு பக்கத்தில் 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருந்தால்தான் உதவியின்றிச் சரளமாகப் படிக்க முடியும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் அடிக்கடி சுட்டப்படும் அளவு. என்5 முடித்த கையோடு இதைத் திறந்தால் அகராதியைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். என்4க்கு மேல் போனபின், ஆங்கிலத்தில் ஒருமுறை ஆடிய வழக்கையே ஜப்பானியத்தில் மறுபடி ஆடுங்கள். கதை தெரிந்திருப்பதால் கவனம் முழுக்க மொழியில் இருக்கும்.

மூன்றாவது, பலர் சேர்ந்து ஆடும் ஃபைனல் ஃபேன்டசி 14. ஜப்பானியச் சர்வரில் நால்வர் குழு ஒன்று சேர்ந்ததும் 'யோரோஷிக்கு ஒனெகாய்ஷிமாசு' (உங்கள் ஒத்துழைப்பை வேண்டுகிறேன்) என்பார்கள். முடிந்ததும் 'ஒட்சுகாரேசாமா தேஷ்தா' (உழைப்புக்கு நன்றி). நன்றாக இருக்கும், உண்மையான மனிதர்களோடு பழகிய நிறைவும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான குழுக்களில் இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே யாரும் எதுவும் தட்டச்சு செய்வதில்லை. விளையாட்டில் முன்கூட்டியே தயாராக உள்ள சொற்களைத் தானே மொழிபெயர்க்கும் வசதியும் உள்ளேயே இருக்கிறது. எழுத்து நமக்காகக் காத்திருக்காமல் ஓடிவிடும். என்3க்கு மேலே உள்ளவர்கள், அதுவும் ஒரு நண்பர் குழு கிடைத்தால், போகலாம்.

நான்காவதற்குக் கருவியே வேண்டாம். ஷிரித்தோரி நம் அந்தாதிதான். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல் தொடங்க வேண்டும்: சாக்குரா, ராப்பா, பாந்தா, தாருமா, மாக்குரா, ராக்குதா. 'ன்' ஒலியில் முடிகிற சொல்லைச் சொன்னவர் தோற்றார், ஏனென்றால் ஜப்பானியத்தில் சாதாரணச் சொல் எதுவும் அதில் தொடங்காது. பெயர்ச்சொல் மட்டும்தான், வாக்கியம் வராது. ஆனாலும் மற்ற மூன்றும் பெரும்பாலும் மௌனமாக விட்டுவிடும் வாயை இது திறக்கிறது. பொன்னா வெள்ளியா என்று எதிரில் இருப்பவர் அங்கேயே திருத்துவார்.

என் அக்கா மகள் பத்தாம் வகுப்பு விடுமுறையில் கேட்டபோது இந்த வரிசையைத்தான் சொன்னேன்: கானா வரும்வரை மட்டும் செயலி, பிறகு கானாவில் போக்கிமான், நடுநடுவே என்னோடு ஷிரித்தோரி. வழக்கறிஞர் விளையாட்டை அடுத்த ஆண்டுக்கு ஒதுக்கியிருக்கிறோம். போன ஞாயிறு ரயிலில் ஆடிக்கொண்டிருந்தோம். அவள் 'ராப்பா' சொன்னாள். எனக்கு உடனே தோன்றியது ரொட்டி, அதைச் சொல்லிவிட்டேன்.

"மாமா, பான்னு சொல்லக் கூடாது. ன் வந்திடுச்சு. நீங்க அவுட்."