டோக்குவிக்கி: சர்வர் விழுந்த இரவிலும் படிக்க முடிந்த ஆவணம்

நாங்கள் பதினொரு பேர். ஆளுக்கொரு வேலையில் இருந்துகொண்டு, மிச்ச நேரத்தில் நான்கு சர்வர்களைக் கூட்டாகப் பராமரித்து வருகிறோம். எந்தச் சர்வரில் எது ஓடுகிறது, நின்றுபோனால் எந்த வரிசையில் தொடங்க வேண்டும், பேக்கப் எங்கே போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் பல வருடங்களாக இரண்டு பேரின் நினைவில் மட்டுமே இருந்தன. அவர்களில் ஒருவர் குழுவிலிருந்து விலகியபோது, எங்களிடம் ஆவணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. அந்த வாரமே, குழுவாக ஆவணங்களை எழுதித் திருத்த உதவும் விக்கி மென்பொருளான டோக்குவிக்கியை நிறுவினோம். மூன்று வருடங்கள் அன்றாடம் புழங்கிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஆண்ட்ரியாஸ் கோர் 2004இல் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் கிடைக்கிறது. பிஎச்பி என்னும் நிரல்மொழி ஓடும் எந்தச் சர்வரிலும் இதை நிறுவலாம். விக்கிப்பீடியா ஓடும் மீடியாவிக்கியைப் போல இதற்குத் தரவுத்தளம் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் ‘பேஜஸ்’ கோப்புறையில் ஒரு சாதாரண உரைக்கோப்பாக இருக்கிறது. பழைய பதிப்புகள் சுருக்கப்பட்டு ‘அட்டிக்’ என்னும் கோப்புறைக்கு, பெயருக்கேற்றபடி பரணுக்கு, போய்விடுகின்றன. நிறுவும் நாளில் இது ஒரு சிறிய வசதியாகத்தான் தோன்றியது. இதன் முழு மதிப்பு எங்களுக்குப் புரிந்தது ஒரு வருடம் கழித்துத்தான்.

ஒரு நள்ளிரவில் முதன்மைச் சர்வரின் வட்டு செயலிழந்தது. அதை மீட்கும் வழிமுறை எழுதப்பட்ட விக்கியும் அதே சர்வரில்தான் இருந்தது. ஆனால் விக்கியின் கோப்புறையை ஆர்சிங்க் என்னும் நகலெடுப்புக் கருவி மூலம் மணிக்கொரு முறை வேறொரு கணினிக்கு நகலெடுத்து வந்தோம். அன்று விழித்திருந்த உறுப்பினர் அந்த நகலுக்குள் போய், மீட்புப் பக்கத்தின் கோப்பை டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) திறந்து படித்தார். தலைப்பின் இருபுறமும் ஆறு சமக்குறிகள், அதன்கீழ் பேக்கப் இருக்கும் இடம், அதற்கடுத்து எண்ணிட்ட படிகள். மூன்றாம் படியில் ‘இந்தக் கட்டளையை ஓட்டுமுன் மின்னஞ்சல் சேவையை நிறுத்துங்கள், இல்லையெனில் வரிசையில் உள்ள மடல்கள் இரண்டு முறை போகும்’ என்று முன்பு யாரோ சேர்த்திருந்த ஒரு வரி. விடிவதற்குள் சேவைகள் மீண்டன. ஆவணம் தரவுத்தளத்துக்குள் இருந்திருந்தால், அதைப் படிப்பதற்கே முதலில் தரவுத்தளத்தை மீட்டிருக்க வேண்டும்.

அந்த மூன்றாம் படியின் வரியை எழுதியவர் குழுவில் சேர்ந்து இரண்டே மாதங்கள் ஆகியிருந்தவர். இதற்குக் காரணம் நாங்கள் வைத்திருக்கும் ஒரு வழக்கம். விஷயம் தெரிந்தவர் முதல் வரைவை மட்டும் எழுதுவார். தெரியாத ஒருவர் அதைப் பார்த்துச் சோதனைச் சர்வரில் அப்படியே செய்து, எங்கே தடுமாறினாரோ அங்கே தாமே திருத்துவார். டோக்குவிக்கி இதற்குத் தோதாக இருக்கிறது. ஒவ்வொரு துணைத்தலைப்பின் அருகிலும் தனித் திருத்தப் பொத்தான் உண்டு. சேமிக்கும்போது என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. ஒரு பிரிவு முழுவதற்கும் சந்தா வைத்துக்கொண்டால் மாற்றங்கள் மின்னஞ்சலில் வந்துவிடும். பழைய பதிப்பையும் புதியதையும் அருகருகே வைத்து வேறுபாட்டைப் பார்க்கலாம் என்பதால், புதியவர்களுக்குக் கைவைக்கும் பயம் போய்விடுகிறது. எதைக் கெடுத்தாலும் திரும்ப எடுத்துவிடலாம் அல்லவா?

குறைகளும் இருக்கின்றன. ஒரு பக்கத்தை ஒருவர் திருத்தத் திறந்தால், மற்றவர்களுக்கு அது பூட்டப்படும். இயல்பு அமைப்பில் 15 நிமிடம்; அவர் எழுதிக்கொண்டே இருந்தால் பூட்டும் நீளும். பிரச்சினை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நான்கு பேர் ஒரே பக்கத்தில் எழுத இது உதவாது. அப்போது பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஈதர்பேடில் குறித்துக்கொண்டு, மறுநாள் விக்கிக்கு மாற்றுகிறோம். தலைப்பு, தடித்த எழுத்து போன்றவற்றைக் குறிக்கும் முறையும் இதற்கே உரியது. மார்க்டவுன் என்னும் பரவலான குறிமுறைக்குப் பழகியவர்கள் முதல் வாரம் முனகத்தான் செய்வார்கள்.

தமிழில் பக்கப் பெயர் வைப்பவர்கள் ஒன்றை முதல் நாளிலேயே கவனிக்க வேண்டும். இயல்பு அமைப்பில் டோக்குவிக்கி தமிழ்ப் பெயர்களை ‘%E0%AE%95’ போன்ற விழுக்காட்டுக் குறிகளாக மாற்றிக் கோப்பாகச் சேமிக்கிறது. ‘க’ என்ற ஒற்றை எழுத்து ஒன்பது பைட் ஆகிறது, ‘கு’ பதினெட்டு. பெரும்பாலான லினக்ஸ் கோப்பு முறைமைகளில் பெயருக்கு 255 பைட்தான் எல்லை என்பதால், சற்றே நீண்ட தலைப்பு வைத்தாலும் சேமிக்க முடியாமல் போகிறது. எங்களுக்கு இது நேர்ந்தது. அதைவிட, அந்த இரவில் டெர்மினலில் கோப்புப் பட்டியலைப் பார்த்தவருக்குத் தெரிந்தவை விழுக்காட்டுக் குறிகள் மட்டுமே. சரியான கோப்பைக் கண்டுபிடிக்க உள்ளடக்கத்தில் தேட வேண்டியிருந்தது. அமைப்புகளில் கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை, தமிழ் எழுத்துகளை அப்படியே வைக்கும் யூடிஎஃப்-8 என மாற்றினால் இது தீரும். பக்கங்கள் சேர்ந்தபின் மாற்றினால் பழைய கோப்புகளுக்கெல்லாம் பெயர் மாற்ற வேண்டியிருக்கும். நாங்கள் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டோம்.

பாதுகாப்பிலும் ஓர் எச்சரிக்கை. கோப்புறைகளை வெளியார் பார்க்காதபடி தடுக்கும் விதிகள் அப்பாச்சி என்னும் வலைச்சேவை மென்பொருளுக்கு மட்டுமே மென்பொருளோடு வருகின்றன. அதற்குப் பதிலாக என்ஜின்எக்ஸ் பயன்படுத்தினால் அவற்றை நீங்களே எழுத வேண்டும். மறந்தால் உங்கள் சர்வர்களின் முழு வரைபடமும் ஊருக்கே திறந்து கிடக்கும். யார் எந்தப் பிரிவைப் படிக்கலாம், திருத்தலாம் என்று அனுமதி வகுக்க முடியும் என்றாலும், கடவுச்சொற்களை நாங்கள் விக்கியில் எழுதுவதே இல்லை. அவை எந்தப் பெட்டகத்தில், யார் யாரிடம் இருக்கின்றன என்பதை மட்டும் எழுதுகிறோம்.

எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு இதை மனதார பரிந்துரைக்கிறேன். நிறுவியதும் வேறொரு கணினிக்கு நகல் போக ஏற்பாடு செய்யுங்கள். பிறகு விக்கியை நிறுத்திவிட்டு, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் அந்த நகலிலிருந்து மீட்புப் பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள்.