பார்சல் வண்டியும் மலையக மேடும்: எந்தத் தெருவுக்கு எது?

கொழும்பில் கூரியர் வேலைக்கு வண்டி வாங்குபவர் கிலோமீற்றரைப் பார்த்தால் போதும். கண்டியிலும் ஹட்டனிலும் மேட்டைப் பார்க்க வேண்டும். 100 கிலோவை 100 மீற்றர் உயரத்துக்கு ஏற்ற 27 வாட்மணி மின்சாரம் வேண்டும். மோட்டாரிலும் வயரிலும் வீணாவதைச் சேர்த்தால் 36 என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி, ஓட்டுபவர், பார்சல் மூன்றின் எடையும் இந்தக் கணக்கில் வரும். “ஒரு சார்ஜில் 80 கிலோமீற்றர்” என்று கடைக்காரர் சொல்வது சமதரைக் கணக்கு.

சரக்குச் சைக்கிள்

மின் உதவியுள்ள சரக்குச் சைக்கிளை நுவரெலியாவில் யோசிக்கலாம். ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் கடைத்தெருவும் கிரகரி ஏரிப் பக்கமும் ஓரளவு சமதரைதான். கண்டியில் தலதா வீதி, யட்டிநுவர வீதி வட்டாரத்துக்கும் சரிவரும். ஓட்டோ நிற்க இடம் தேடுவதற்குள் சைக்கிள்காரர் நாலு கடைக்குக் கொடுத்துவிடுவார். பஹிரவகந்தை மேட்டுப் பக்கம் திரும்பினால் கதை முடிந்தது. சைக்கிள் 40, ஆள் 65, பார்சல் 60, ஆக 165 கிலோ. பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் ஏறும் பாதையில் 250 வாட் மோட்டாரும் மிதிப்பவரின் 100 வாட்டும் சேர்ந்து மணிக்கு 7 கிலோமீற்றர்தான் கிடைக்கும். சக்கரத்துக்குள் மோட்டார் இருந்தால் அந்த வேகத்தில் சுழல முடியாமல் சூடேறும். மிதிகட்டை அச்சில் மோட்டார் உள்ளதென்றால் கியரைக் குறைத்தாவது ஏறலாம்.

மின் ஸ்கூட்டர்

ஹட்டன், பண்டாரவளை போன்ற சிறிய பட்டணங்களுக்கு இதுதான் முதல் தெரிவு. ஆளோடும் 40 கிலோ பார்சலோடும் மொத்தம் 210 கிலோ வரும். 100 மீற்றர் ஏற்றத்துக்கு 76 வாட்மணி. ஒரு நாளில் ஏறும் மேடெல்லாம் கூட்டி 500 மீற்றர் என்றால், மேட்டுக்கே 380 போய்விடும்.

60 வோல்ட், 20 ஆம்பியர்மணி பெட்டரியில் 1,200 வாட்மணி என்று எழுதியிருக்கும். ஈய அமில பெட்டரியானால் அதில் பாதிக்குமேல் இறக்கக் கூடாது; இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். மேட்டுக்குப் போக மிஞ்சும் 220 வாட்மணியில் பத்துக் கிலோமீற்றர்கூட ஓடாது. குளிர் காலையில் இன்னும் குறையும். லிதியம் பெட்டரியில் 1,000 வரை எடுக்கலாம், அதே பாதையில் 25 கிலோமீற்றர் தாராளம். விலை வித்தியாசத்தைப் பார்த்து ஈயத்தை வாங்குவது மலைக்குச் சரிவராது.

அடுத்த எதிரி மழை. வட்டவளை, மஸ்கெலியா பக்கம் தென்மேற்குப் பருவம் தொடங்கினால், பின்சக்கர அச்சு வழியாக வயர் நுழையும் ஓட்டையில் தண்ணீர் இறங்கும். வயரை நேராக உள்ளே விடாமல் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மின் முச்சக்கர வண்டி

சுமையோடு 700 கிலோ. 100 மீற்றர் ஏற்றத்துக்குக் கால் யூனிட் மின்சாரம் (ஒரு யூனிட் 1,000 வாட்மணி). பெட்டரி 7 யூனிட் கொள்ளும் என்றால் கண்டி போன்ற ஊருக்கு ஒரு நாள் தாராளமாகப் போதும். பெரிய பெட்டிகள், அரிசி மூட்டை அளவுப் பொதிகள் இருந்தால் வேறு பேச்சில்லை.

பிழை வருவது இறக்கத்தில். களஞ்சியம் மேட்டில் இருந்து, இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு, காலையில் சுமையோடு இறங்கினால், இறங்கும்போது மோட்டார் உண்டாக்கும் மின்சாரத்தை நிறைந்த பெட்டரி திருப்பி வாங்காது. மோட்டார் பிடிப்பு இல்லாமல் முழுப் பாரமும் டிரம் பிரேக்கில் விழும். சூடேறிய பிரேக் பிடிக்காது. மேட்டுக் களஞ்சியக்காரர்கள் 85 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துவது நல்லது. இன்னொன்று, பழைய 5 ஆம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் இதைப் போட வேண்டாம். 7 ஆம்பியருக்குமேல் மணிக்கணக்காக இழுத்தால் சொக்கட் உருகும். தனி வயரும் தனி ட்ரிப் சுவிட்சும் போடுங்கள்.

பெட்ரோல் ஓட்டோவுக்கு இன்னும் ஒரு பலம் உண்டு: எந்தச் சந்தியிலும் அதைத் திருத்துகிற பாஸ் இருப்பார். ஆனால் 2022இல் எரிபொருளைப் பங்கிட QR முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரம் 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று கிடைத்ததை யாரும் மறக்கவில்லை. அதே வருடம் மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டும் வந்ததால், மின் வண்டிக்காரர் ரொம்பப் பெருமைப்படவும் வழியில்லை. லக்சபான நீர்மின் நிலையத்தில் தண்ணீர் இருக்கும்போது ஓடும் வண்டி சுத்தமானது. வரட்சியில் நிலக்கரிதான் அதை ஓட்டுகிறது.

கடையில் வைத்துக் கொடுப்பது

தேயிலைத் தோட்டங்களுக்கு மேற்சொன்ன எதையும் பரிந்துரைக்க மாட்டோம். அங்கே செலவு மேட்டால் வருவதில்லை, இரண்டாம் முறை போவதால் வருகிறது. முகவரியில் தோட்டத்தின் பெயர் மட்டும் இருக்கும். மேற்பிரிவா கீழ்ப்பிரிவா, எத்தனையாம் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) என்று இருக்காது. ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். கொடுத்த போன் நம்பர் கொழும்பில் வேலை செய்யும் மகனுடையது. பகல் 11 மணிக்குப் போனால் ஆட்கள் கொழுந்து மலையில் நிற்பார்கள். காசு கொடுத்து எடுக்கும் பார்சல் என்றால், 10ஆம் திகதி சம்பளத்துக்கு முன்னர் திரும்பிவிடும் வாய்ப்பே அதிகம்.

பஸ் நிற்கும் சந்தியிலோ டிவிசனுக்குள்ளோ உள்ள ஒரு சில்லறைக் கடையோடு பேசிக்கொள்ளுங்கள். பார்சல் ஒன்றுக்கு இவ்வளவு என்று கடைக்காரருக்குக் கொடுத்தால், பத்து வீட்டுக்கு ஏறுவதற்குப் பதில் ஓட்டோ ஒரு தடவை நிற்கும். கொப்பியில் ஐந்து விடயம் போதும்: பெறுபவரின் பெயர், தகப்பன் பெயர், லயம் நம்பர், தொகை, எடுத்தவரின் கையெழுத்து. தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட்டால் வேலை விட்டுப் போகிற வழியில் எடுத்துக்கொள்வார்கள். வழக்கமான மூன்று நாள் தவணை இங்கே உதவாது. 12ஆம் திகதி வரை வைத்திருக்கச் சம்மதம் வாங்குங்கள்.

கடைக்காரருக்குக் கையில் காசு சேரும் என்பதால் வாரம் இருமுறையாவது கணக்கு முடிக்க வேண்டும். பார்சலைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சிமெந்துத் தரை வியர்த்தால் அட்டைப்பெட்டியின் அடி ஊறிக் கழன்றுவிடும்.