அம்மாவின் கைவீக்கத்துக்கு ‘நிணநீர் மெஷின்’ வாங்கி ஏமாந்தேன். நீங்கள் வாங்கிவிடாதீர்கள்

என் இரண்டு மாதச் சம்பளம் போச்சு. நேற்று ராத்திரி விற்றவனின் நம்பர் என்னை பிளாக் செய்துவிட்டது. ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அம்மாவுக்கு அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை எடுத்தார்கள். நிணநீர் என்பது உடம்பின் திசுக்களில் கசியும் நீர், தனிக் குழாய்கள் வழியாக இந்தக் கணுக்களைக் கடந்து ரத்தத்துக்குத் திரும்பும். பிறகு ரேடியேஷன். ஒரு வருஷம் கழித்து அந்தப் பக்கக் கை வீங்கத் தொடங்கியது. விரலில் மோதிரம் கழலவில்லை. இணையத்தில் உடல்நலக் கருவிகள் விற்கும் ஒரு கடையில் விசாரித்தேன். போனில் பேசியவன் அவ்வளவு பொறுமையாகப் பேசினான். அம்மாவின் வயசு, எந்தக் கை, எத்தனை மாதமாக வீக்கம், எல்லாம் கேட்டான். “ரத்தத்துக்கு இதயம் இருக்கு மேடம். நிணநீருக்குப் பம்ப்பே கிடையாது. அதான் தேங்குது. எங்க மெஷின்தான் அந்தப் பம்ப்.”

அந்த இடத்தில்தான் விழுந்தேன். அப்போதே முழுப் பணத்தையும் அனுப்பினேன். இரண்டு மாதச் சம்பளம்.

அவன் சொன்னது பொய். இப்போது அம்மாவைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் படம் வரைந்தே காட்டினார். தோலுக்கடியில் தொடங்கும் நுண்குழாய்களுக்குத்தான் தசை இல்லை. அவை போய்ச் சேரும் பெரிய குழாய்களின் சுவரில் தசை உண்டு. ஒரு வால்வுக்கும் அடுத்த வால்வுக்கும் நடுவில் உள்ள துண்டு ஒவ்வொன்றும் நிமிஷத்துக்குச் சில தடவை தானாகவே சுருங்கி நீரை மேலே தள்ளுகிறது. வால்வு அதைத் திரும்ப விடாது. நீர் நிறைந்து சுவர் விரிந்தால் துடிப்பு வேகமாகும். ஓட்டம் கூடினால் உட்சுவரிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்து தசை தளரும். நரம்புகளும் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும். கை அசைவும் மூச்சும் வெளியிலிருந்து துணை. இப்படியே ஏறி, கழுத்தடியில் பெரிய சிரைகளில் போய்க் கலக்கிறது. அம்மாவுக்குப் பம்ப் இல்லாமல் இல்லை, கணுக்களை எடுத்ததிலும் ரேடியேஷனிலும் வழிதான் அடைபட்டது. அடைப்பை எதிர்த்து நாள்கணக்கில் இறைத்தால் குழாய்த் தசையே ஓய்ந்துபோகும், வால்வும் கசியும் என்றார்.

அந்த மெஷினோ வெறுமனே சூடாகி அதிர்கிறது. நாலாம் நாள் கை சிவந்து கொதித்தது. கேட்டதற்கு, “நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி” என்றான். நம்பி இரண்டு நாள் காத்திருந்தேன். காய்ச்சல் ஏறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தோலில் தொற்று. மெஷினால் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கைக்குச் சூடு ஆகாது, நிணநீர் தேங்கிய கையில் தொற்று சுலபமாகப் பிடிக்கும் என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “21 நாள் போட்டுப் பாருங்க.” அப்புறம் “பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் இல்லை.” அப்புறம் “மேனேஜர் கூப்பிடுவார்.” எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை. நேற்று பிளாக். இரண்டு மாதச் சம்பளம், அம்மாவின் ஆறு நாள் காய்ச்சல்.

ஏமாறாமல் இருக்க என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், அம்மாவுக்கு மருந்து நேரம் ஆகிவிட்டது. இதை மட்டும் கேளுங்கள். ‘நச்சு’ என்று பேசினால் போனை வையுங்கள். காற்றடைத்துக் கையை அமுக்கிவிடும் காற்றழுத்தக் கருவிகள் நிஜமாகவே இருக்கின்றன, ஆனால் அது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்லவேண்டும். வீக்கத்துக்குக் கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறையைக் கையை அளந்து வாங்குங்கள். வீங்கிய கை சிவந்து சுட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, என்னைப்போல இரண்டு நாள் காத்திருக்காதீர்கள்.