பன்னிரண்டு ஆண்டுக் காப்புறுதியும் அம்மாவின் பிஸ்கட் டின்னும்

2013ஆம் ஆண்டு கையெழுத்திட்ட மருத்துவக் காப்புறுதியை இந்த ஆண்டு பன்னிரண்டாவது முறையாகப் புதுப்பித்திருக்கிறேன். முதல் ஆண்டு எனக்கும் மனைவிக்கும் மகனுக்குமாகக் கட்டியது 21,500 ரூபா. இம்முறை 134,000 ரூபா. திருகோணமலை பிரதான வீதிக்கு அருகில் சிறிய புத்தகக் கடை நடத்துகிறேன். கணக்கு எழுதுவது தொழிலோடு வந்த பழக்கம். மருந்துச் செலவுக்கென்று தனிக் கொப்பி ஒன்று உண்டு. இங்கே சொல்லும் வீட்டுத் தொகைகள் எல்லாம் அதில் உள்ளவை.

“அண்ணை, ஆஸ்பத்திரியில் படுத்தால் போதும், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்” என்று முகவர் சொன்னார். அம்மாவையும் சேர்க்கக் கேட்டேன். அப்போது அவருக்கு 66 வயது; சீனி வியாதியும் பிரஷரும் இருந்தன. முடியாது என்றுவிட்டார்கள். எங்கள் வீட்டில் மாதாமாதம் மருந்து வாங்கியது அம்மா ஒருவர்தான். அவரைத் தவிர மற்ற மூவருக்கும் காப்புறுதி கிடைத்தது. இதன் பொருள் எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

பயன் கிடைத்ததையும் சொல்ல வேண்டும். 2019இல் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காகக் கண்டியில் தனியார் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. பெரும்பகுதிப் பணத்தைக் காப்புறுதி நிறுவனம் நேராக வைத்தியசாலைக்கே செலுத்திவிட்டது. கையுறை, பஞ்சு, வீட்டுக்குக் கொண்டுபோகும் மருந்து என்று சிலவற்றுக்கு மட்டும் எங்கள் கைப்பணம் போனது. அன்று அந்தக் காப்புறுதி இல்லாவிட்டால் நகை அடகுக்குப் போயிருக்கும்.

2022க்குப் பிறகுதான் கட்டணம் ஏறிய வேகம் என்னைப் பயமுறுத்தியது. நிறுவனத்தின் பேராசை என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு புதுப்பித்தல் கடிதத்தோடு வரும் அட்டவணையை உட்கார்ந்து வாசித்தேன். வயதுப் படி ஒன்று தாண்டும்போது கட்டணம் ஒரே தாவலாக ஏறுகிறது. எனக்கு 50 வயதானதும் அப்படி ஒரு தாவல். வைத்தியசாலைச் செலவு இன்னொன்று: ஊசி, கையுறை, பரிசோதனை இரசாயனம், இதயக் குழாயில் வைக்கும் வலை எல்லாமே டொலருக்கு வருபவை. மூன்றாவதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. கையில் காசு குறைந்தவுடன் உடல்நலமாக இருப்பவர்கள்தான் முதலில் காப்புறுதியைக் கைவிடுகிறார்கள். நோயாளிகள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்கிறார்கள். பலர் போட்டுச் சிலர் எடுக்கும் பானையில் எடுப்பவர்களின் பங்கு கூடுகிறது. மீதி இருப்பவர்களின் தலையில் அடுத்த ஆண்டுக் கட்டணம் ஏறுகிறது. அதைத் தாங்காமல் இன்னும் சிலர் விலகுகிறார்கள். எங்கள் தெருவிலேயே நால்வர் விட்டுவிட்டார்கள்.

எனக்கு ஆறாத மனக்குறை இது: கட்டணம் ஆறு மடங்கானது, காப்பின் உச்சத்தொகை அதே ஐந்து இலட்சத்தில் நிற்கிறது. 2013இல் ஐந்து இலட்சம் பெரிய சத்திரசிகிச்சை ஒன்றைத் தாங்கும். இன்று இதயச் சத்திரசிகிச்சை என்று போனால் பாதித் தூரம்கூட வராது. கட்டணத்தை மட்டும் பார்த்து ஒப்பிடுகிறவர்கள் இந்தத் தொகையையும் பார்க்க வேண்டும். அதை உயர்த்தித் தரச் சொன்னால் மீண்டும் மருத்துவப் பரிசோதனை, மீண்டும் காத்திருப்புக் காலம்.

2023இல் நெஞ்சு இறுக்கத்தோடு ஓர் இரவு படுத்தேன். ஈ.சி.ஜி., இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து, இதயத்தில் குறை இல்லை என்று மறுநாள் அனுப்பினார்கள். கோரிக்கைப் படிவம் நிராகரிக்கப்பட்டது. ‘பரிசோதனைக்காக மட்டும் அனுமதிக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி. பத்திரத்தின் பதினோராம் பக்கத்தில் அந்த விதி இருந்தது உண்மைதான். மாரடைப்பு வந்திருந்தால் பணம் கிடைத்திருக்கும். வரவில்லை என்று கண்டுபிடிக்க ஆன செலவு என்னுடையதாகிவிட்டது. இதை நியாயம் என்று இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் வீட்டை உலுக்கியது காப்புறுதிக் கட்டணம் அல்ல, அம்மாவின் குளிசைகள்தான். 2015இல் மாதம் 2,400 ரூபா. 2022 ஓகஸ்டில் 9,700 ரூபா. காப்புறுதி இதில் ஒரு சதமும் தராது. எங்கள் திட்டத்தில் வெளிநோயாளர் மருந்து இல்லவே இல்லை.

அந்த ஓகஸ்ட் மாதம் மறக்க முடியாதது. அரச கிளினிக்கில் பாதி மருந்துக்கு ‘வெளியில் வாங்கவும்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மருந்தகத்தில் இருந்த தம்பி ஒவ்வொருவரிடமும் “எத்தனை நாளைக்கு?” என்று கேட்டுக் கத்தரிக்கோலால் குளிசை அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். ஏழு நாளைக்கு, ஐந்து நாளைக்கு, எனக்கு முன்னால் நின்ற மீனவர் ஒருவருக்கு மூன்று நாளைக்கு. வீட்டுக்கு வந்து அம்மாவின் பிஸ்கட் டின்னில் புதிய மருந்தை வைக்கப் போனேன். பழைய கொலஸ்ரரோல் குளிசை ஒன்பது மிஞ்சியிருந்தது. இரவுக்கு ஒன்று என்றால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மறுபடி எண்ணினேன். டின்னின் அடியில் பிளேட்டால் பாதியாக்கிய பிரஷர் குளிசைகள் கிடந்தன. வெட்டிய விளிம்பிலிருந்து உதிர்ந்த வெள்ளைத் தூள் மூலையெல்லாம் ஒட்டியிருந்தது.

“விலை ஏறிவிட்டது என்று நீதானே சொன்னாய் மகன். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் என்ன?” என்றார் அம்மா.

சாப்பாட்டு நேரத்தில் நான் புலம்பியதைக் கேட்டுவிட்டுத்தான் அப்படிச் செய்திருக்கிறார். அன்றிலிருந்து அவர் முன்னால் மருந்து விலை பேசுவதில்லை.

விலை ஏறிய கதையில் மறைவு ஒன்றும் இல்லை. நாம் விழுங்கும் மருந்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விற்பனை விலை விதித்தபோது மூச்சு விட்டோம். 2022 மார்ச்சில் 29 வீதம் உயர்த்த அனுமதி கிடைத்தது. ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளுக்கு 40 வீதம். 2023 ஜூனில் 60 மருந்துகளுக்கு 16 வீதம் குறைத்தார்கள். ஆனால் 100 ரூபா மருந்து 40 வீதம் ஏறி 140 ஆன பிறகு 16 வீதம் குறைந்தால் 117 ரூபா 60 சதத்தில்தான் நிற்கும். ஏறிய படிகளில் பாதிக்கு மேல் இறங்கினோம், தொடங்கிய இடத்துக்கு வரவில்லை.

அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர், அங்கே காப்புறுதி குளிசைக்கும் உண்டு என்பார். ஆனாலும் அவர்கள் விலை நம்மைவிடப் பன்மடங்கு. அங்கே முதியோருக்கான மெடிகெயார் திட்டம் மருந்து நிறுவனங்களோடு விலை பேசக் கூடாது என்று 2003இல் சட்டமே போட்டார்கள். 2022இல்தான் அதைத் தளர்த்தினார்கள்; பேசி முடித்த முதல் பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியிலிருந்து. அந்தப் பத்தில் சீனி வியாதிக்கான எம்பாகிளிஃப்ளோசினும் ஒன்று. அம்மாவுக்கு ஒரு வைத்தியர் எழுதிய அதே குளிசை. காப்புரிமை உள்ள புதிய மருந்துக்கு அதை வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை; 1957இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் சீனி வியாதிக் குளிசையான மெட்ஃபோர்மினைப் பல நிறுவனங்கள் செய்வதால் அது மலிவு.

இங்கேதான் நம் கைக்கு எட்டிய ஒரு வழி இருக்கிறது. மருந்துத் துண்டில் வைத்தியர் எழுதுவது வணிகப் பெயரா, மருந்தின் மூலப் பெயரா என்று பாருங்கள். மூலப் பெயரென்றால் பல நிறுவனங்கள் செய்வதில் மலிவானதை வாங்கலாம். பேராசிரியர் சேனக பிபிலே ஐம்பது ஆண்டுக்கு முன்பே மூலப் பெயரில் எழுத வேண்டும் என்றுதான் போராடினார். 1971இல் அமைந்த அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். அம்மாவின் ஆறு மருந்துகளையும் கொண்டுபோய், “டொக்டர், மூலப் பெயரில் எழுதித் தர முடியுமா?” என்று கேட்டேன். தயங்கித்தான் கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. நான்கை மாற்றினார், ஒன்றை நிறுத்தினார், ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம் என்று காரணம் சொல்லி விட்டுவிட்டார். மாதச் செலவு 9,000லிருந்து 5,200க்கு இறங்கியது. வைத்தியரைக் கேட்காமல் மருந்தகத்திலேயே மாற்றிக்கொள்ளும் வேலையை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள்.

கிளினிக் கொப்பியையும் மீண்டும் எடுத்தோம். தனியார் வைத்தியரிடம் போகத் தொடங்கியதும் அதை ஓரமாக வைத்திருந்தோம், பெரிய பிழை. இப்போது காலை ஆறு மணிக்கு அம்மாவை முச்சக்கரவண்டியில் ஏற்றிப் போய் இலக்கம் எடுக்கிறேன். காத்திருப்பு நீளம்தான். ஆனால் மெட்ஃபோர்மினும் பிரஷருக்கான லொசார்ட்டனும் அங்கே இலவசமாகவே கிடைக்கின்றன.

காப்புறுதியை விடவில்லை. முதல் 50,000 ரூபாவை நானே ஏற்கும் திட்டத்துக்கு மாறலாம் என்று அடுத்த ஆண்டுக்கான கணக்கைக் கேட்டிருக்கிறேன். மகனுக்கு வேலையிடத்தில் குழுக் காப்புறுதி கிடைத்துவிட்டதால் அவன் பெயரும் நீங்கும். உங்கள் வீட்டில் நாற்பது வயதுக்குள் இருப்பவருக்கு நோய் எழுத்தில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள். அறுபதுக்கு மேல், நோயோடு, புதிதாகத் தேடுகிறவர்கள் அந்தப் பணத்தை வங்கியில் தனிக் கணக்காகப் போடுவதே மேல் என்பது என் எண்ணம்.

மாத முடிவில் பிஸ்கட் டின்னை எண்ணுவது இப்போது என் வேலை. சென்ற மாதம் ஒன்றும் மிஞ்சவில்லை.