‘பா’வைத் தேடினால் என்ன கிடைக்கும்? இணையத் தமிழ் லெக்சிகன்: ஒரு மதிப்பீடு

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டு, 1939இல் அநுபந்தமும் சேர்த்த பேரகராதியான தமிழ் லெக்சிகன், சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் அகராதியின் தரத்தை ஓரெழுத்துச் சொல்லில்தான் உரசிப் பார்க்க வேண்டும். செய்யுளைக் குறிக்கும் பழஞ்சொல் ‘பா’ அதற்குச் சரியான சோதனை.

தமிழ் எழுத்திலேயே தட்டித் தேடலாம். தலைச்சொல்லில், அதாவது பதிவின் தொடக்கத்தில் நிற்கும் சொல்லில், மட்டும் தேடுங்கள். முழுப் பதிவிலும் தேடினால் தொடர்பில்லாத பதிவுகள் குவியும். ஒரே எழுத்தில் பல சொற்கள் தனித்தனி எண்ணோடு வரும், முதலில் கண்ணில் படுவதோடு நின்றுவிடக் கூடாது. வினைகள் ‘பாவு-தல்’ என்ற வடிவில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பரப்பு, நெசவுப் பாவு, செய்யுள் ஆகிய பொருள்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் சொல்லின் வேர் தட்டுப்படுகிறது. தறியில் நீளவாக்கில் பரப்பும் நூல் பாவு. நீண்டு பரந்து செல்லும் ஓசை பா. இது வெறும் ஊகமல்ல. தொல்காப்பியத்தில் செய்யுள் இலக்கணம் சொல்லும் செய்யுளியலுக்கு உரை எழுதிய, பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர், ‘பா’வை ‘பரந்துபட்டுச் செல்வதோர் ஓசை’ என்றே விளக்குகிறார். தொலைவில் ஒருவன் பாடம் ஓதுகிறான். எழுத்தும் சொல்லும் நமக்குப் புரியவில்லை. ஆனாலும் இன்ன செய்யுள் என்று அந்த ஓசை காட்டிக்கொடுத்துவிடும் என்கிறார். என்ன அருமையான விளக்கம்! வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியத்துக்கு அகவல், கலிக்குத் துள்ளல், வஞ்சிக்குத் தூங்கல் என நான்கு பாவுக்கும் நான்கு ஓசை வகுத்ததன் நியாயம் இங்கே விளங்கும். தொல்காப்பியத்தில் செய்யுளின் 34 உறுப்புகளுள் ஒன்றாகவே ‘பா’ வருகிறது; செய்யுள் முழுமைக்கும் அது பெயரானது அடுத்த நிலை.

இந்த நுட்பம் லெக்சிகனில் இல்லை. அதன் பெரிய குறை இதுதான்: பல பொருள்களுக்கு மேற்கோள் தரும், ஆனால் எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தாது. 1, 2, 3 என்ற எண்களைக் கால வரிசை என்று எடுத்துக்கொண்டால் தவறான முடிவுக்குத்தான் போவோம். மேற்கோள்களும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். ‘பிங்.’ (பிங்கலம்), ‘திவா.’ (திவாகரம்) என்று இருந்தால் சான்று நிகண்டிலிருந்து, அதாவது செய்யுளில் அமைந்த பழைய சொற்பொருள் நூலிலிருந்து, வருகிறது; இலக்கிய ஆட்சியை வேறிடத்தில் தேட வேண்டும்.

‘பாட்டு’ம் ‘பா’வும் ஒரே வேர் என்று அவசரப்படுபவர்கள் அதே தளத்தில் உள்ள பர்ரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் திறந்து பார்க்க வேண்டும். பாட்டு ‘பாடு’ என்ற வினையிலிருந்து வருவது. கன்னட ‘ஹாடு’, தெலுங்கு ‘பாடு’ அதன் உறவுகள். ‘பா’வுக்கு வழி வேறு.

மாணவர்களுக்கும் யாப்பு எழுதிப் பழகுபவர்களுக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: லெக்சிகன் தரும் தொல்காப்பிய நூற்பா (சூத்திரம்) எண் உங்கள் பதிப்போடு பொருந்தாமல் போகலாம். மற்றோர் உரையாசிரியரான இளம்பூரணரும் பேராசிரியரும் செய்யுளியல் நூற்பாக்களைப் பிரித்த விதம் வேறு. எண் ஒத்துவராவிட்டால் முன்னும் பின்னும் சில நூற்பாக்களைப் புரட்டுங்கள்.